தாத்தா, நீங்க வெளியில இருங்க!

“தாத்தா, நாளைக்கு நீங்க உள்ள வர வேணாம். வெளியிலேயே இருங்க.”

பிசைந்த சோறு தட்டில் இருக்க, என் கை அப்படியே நின்றுவிட்டது. சொன்னவள் என் பேத்தி. வயது 12. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. மறுநாள் அவளுக்கு மாவட்டப் பூப்பந்துப் போட்டியில் அரையிறுதி ஆட்டம். பயிற்சிக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவது யார்? நான். மட்டையின் நரம்பு அறுந்தால் பட்டணத்துச் சீனர் கடையில் காத்திருந்து புது நரம்பு போட்டு வாங்கி வருவது யார்? நான். கால் இறுதியில் தொண்டை கட்டும் வரை கத்தியது யார்? அதுவும் நான்தான். அந்த எனக்கு வெளியில் இடமாம்!

“தாத்தாகிட்ட இப்படியா பேசறது?” என்று என் மகள் அதட்டினாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள்.

“நானாச் சொல்லலம்மா. ஆசிரியர் கைப்பேசியில வீடியோ எடுத்துக் காட்டினாரு. ஒவ்வொரு புள்ளி போனதும் நான் தாத்தாவத்தான் திரும்பிப் பாக்கறேன்.”

“பாத்தா என்ன?” என்றேன் நான்.

“உங்க முகம் எப்படி இருக்குன்னு பாக்கறேன் தாத்தா. அதையே நெனச்சிக்கிட்டு நிக்கறேன். அடுத்த புள்ளியும் போயிடுது.”

கை கழுவிவிட்டு அஞ்சடியில் போய் உட்கார்ந்தேன். கோபம் வந்தது உண்மை. கொள்ளுப் பேரன் பேத்தி காணும் வயதில் ஒரு சின்னப் பெண்ணிடம் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் வாசகர்களே, அந்தக் கோபம் அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. ‘திரும்பிப் பாக்கறேன்’ என்று அவள் சொன்ன அந்த ஒரு சொல், என்னை 1979ஆம் ஆண்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது நான் எங்கள் தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் கோல் காவலன். காலையில் பால்வெட்டு. பாலை நிறுத்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஐந்து மணிக்குத் திடல். மாடுகளை விரட்டிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். குழுவில் முறையான பூட்ஸ் வைத்திருந்தவர்கள் நான்கு பேர். நான் கேன்வாஸ் காலணியோடு நிற்பேன். நாட்டின் கோல் கம்பத்தில் ஆர். ஆறுமுகம் நின்ற காலம் அது. நீண்ட கைகளால் எட்டாத பந்தையும் எட்டிப் பிடித்ததால் அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்றே அழைத்தார்கள். தோட்டத்தில் கோலுக்கு நின்ற ஒவ்வொரு பையனும் தன் கையும் அப்படி நீளும் என்று நம்பிக்கொண்டிருந்தான். நானும்தான்.

அந்த ஆண்டு தோட்டங்களுக்கிடையிலான போட்டியில் நாங்கள் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டோம். பரிசு ஒரு கோப்பை. அதோடு ஓர் ஆடு. உண்மையைச் சொன்னால் கோப்பையைவிட ஆட்டின் மேல்தான் எங்களுக்குக் கண். பக்கத்துத் தோட்டத்துத் திடலில் ஆட்டம். மதியம் இரண்டு மணிக்கே லோரியில் ஏறிவிட்டோம்.

என் அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவருக்குக் கள்ளுப் பழக்கம் உண்டு. சம்பள நாளில் அவரைத் தேடிப் போய் அழைத்து வருவது, எனக்குப் பத்து வயதிலிருந்தே என் வேலை. ஆட்டத்தன்று காலையில் பிரட்டுக்குப் புறப்படும்போது, “நான் சாயங்காலம் சைக்கிள்ள வந்துடறேன்டா. அந்தப் பக்கம் போகவே மாட்டேன்” என்றார். அதுவரை அவர் என் ஆட்டத்தைப் பார்க்க வந்ததே இல்லை.

ஆட்டம் தொடங்கியபோது அவர் வரவில்லை. முதல் பாதி முடிந்தபோதும் காணவில்லை. இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு கோல். முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கலாம். என் கோல் கம்பத்துக்குப் பின்னால் அந்தத் தோட்டத்து இளவட்டங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். என் நிறத்தைக் கேலி செய்தார்கள், குச்சிக் கால் என்றார்கள், இன்னும் என்னென்னவோ. எல்லாம் காற்றோடு போனது. அப்புறம் ஒரு குரல் வந்தது. கத்தவில்லை. அக்கறையாகச் சொல்வதுபோல் மெதுவாகத்தான் சொன்னது.

“டேய் கோலு, உங்கப்பன் கள்ளுக்கடை வாசல்ல விழுந்து கெடக்கறாராம்டா. போய்த் தூக்கு.”

காது சுட்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையைத் திருப்பினேன். அவ்வளவுதான். சொன்னவனை முறைக்கவா, அல்லது அப்பா எங்கேயாவது நிற்கிறாரா என்று தேடவா, இன்றுவரை எனக்கே தெரியாது. ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம். நடுத்திடலிலிருந்து எவனோ சும்மா தூக்கியடித்த பந்து தரையில் குத்தி, எழும்பி, என் தோளைத் தாண்டி உள்ளே போனது. பள்ளிப் பிள்ளை பிடித்திருக்கக்கூடிய பந்து.

வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். திடலின் எதிர்க்கோடியில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதில் சாத்திய சைக்கிள். பக்கத்தில் அப்பா! தைப்பூசத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. தெளிவாக, நேராக நின்றுகொண்டிருந்தார். இரண்டாவது பாதி தொடங்கியதிலிருந்தே அங்கேதான் நின்றாராம். கிட்டே வந்தால் எனக்குக் கூச்சமாக இருக்குமென்று தள்ளி நின்றாராம். இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

அன்றிரவு கேட்டார்: “ஏன்டா திரும்பின?”

“வெயிலு கண்ணுல அடிச்சிச்சிப்பா.”

1984இல் அவர் காலமானார். அந்த வெயிலைத் தவிர வேறு காரணத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அந்தக் கோலைப் பற்றி எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். சொன்னவன் மேல் பழி போடலாம். ஆனால் அதைவிட மோசமான வார்த்தைகளை அன்றே கேட்டுவிட்டுச் சும்மா நின்றவன்தானே நான்? இந்த ஒரு வார்த்தை மட்டும் ஏன் உள்ளே இறங்கியது? ஆட்டம் தொடங்கியதிலிருந்தே என்னில் பாதி அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தது. கதவு முன்பே திறந்து கிடந்தது. அவன் சும்மா தள்ளினான்.

2006ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தை ஒரு சாப்பாட்டுக் கடையின் பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். பெர்லினில் இரவு, நமக்கு விடியற்காலை. கூடுதல் நேரத்தில் 110ஆவது நிமிடம். பிரான்ஸ் குழுத் தலைவர் ஸிடான், இத்தாலியின் மாத்தராஸியைத் தாண்டி நடந்து போனவர், திரும்பி வந்து தலையால் அவர் நெஞ்சில் முட்டினார். சிவப்பு அட்டை. ஸிடானுக்கு அதுதான் கடைசி ஆட்டம். பினால்டி உதையில் இத்தாலி 5-3 என்று வென்றது. ஸிடானின் சகோதரியை இழிவாகப் பேசியதாக மாத்தராஸியே பிறகு ஒப்புக்கொண்டார். கடையில் எல்லோரும் “உலகக் கிண்ணத்தையே தொலைச்சிட்டானே, இவ்வளவு பெரிய ஆட்டக்காரனுக்கு இது தெரியாதா?” என்று பேசிக்கொண்டார்கள். நான் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு பெரிய ஆட்டக்காரனுக்கும் வீட்டில் அக்காள் தங்கை இருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் என் அம்மாவுக்கு ஓர் அனுபவம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். “சண்டை போட்டுட்டு மரத்துக்குப் போவாதடா” என்பார். பால் வெட்டியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பட்டையை மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். கொஞ்சம் ஆழம் போய்விட்டால் கட்டையில் காயம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது 1 மில்லிமீட்டரோ, ஒன்றரையோதான். மனம் சரியில்லாதவள் உளியை இறுக்கிப் பிடிப்பாள். இறுக்கிப் பிடித்தால் கத்தி ஆழம் போகும். அந்தக் காயம் ஆறினாலும் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும். சம்பள நாளுக்கு மறுநாள் அம்மாவின் நிரையில்தான் காயம் அதிகம் என்று தண்டல் சத்தம் போடுவார். எங்கள் வீட்டுச் சண்டைகளின் கணக்கு அந்த மரங்களில் இருந்தது.

ஆகவே, உணர்ச்சி வந்தால் எல்லா வேலையும் கெட்டுவிடுமா? அப்படியும் இல்லை. தோட்டத்துத் திருவிழா விளையாட்டுப் போட்டிகளை நினைத்துப் பாருங்கள். கயிறு இழுக்கிறவனுக்கு ரோஷம் வரட்டும், கோபம் வரட்டும், சுற்றி நின்று ஊரே கத்தட்டும். அவ்வளவும் கயிற்றுக்குப் பலம். அதே கோபத்தோடு, வாயில் கரண்டியைக் கவ்வி எலுமிச்சம்பழம் வைத்து ஓடச் சொல்லுங்கள் பார்ப்போம். பத்து எட்டு வைப்பதற்குள் பழம் உருண்டுவிடும்.

1908ஆம் ஆண்டிலேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதைச் சுண்டெலிகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். வெள்ளைப் பெட்டி, கறுப்புப் பெட்டி என இரண்டில் சரியானதற்குள் எலி போக வேண்டும். தவறினால் மின்சாரம் சுரீரென்று தாக்கும். வித்தியாசம் பளிச்சென்று தெரியும்போது, அடி பலமாக இருக்க இருக்க எலி சீக்கிரம் கற்றுக்கொண்டது. வித்தியாசத்தைக் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும் என்று வைத்தபோது, பலத்த அடி எலியைத் தடுமாற வைத்தது. நடுத்தரமான அடியே உதவியது. பிற்கால விளையாட்டுப் பயிற்சியாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நுணுக்கமான வேலைக்கு மிதமான சூடுதான் தாங்கும். என் அம்மா எலி இல்லாமலே இதைத் தெரிந்து வைத்திருந்தார்.

கோபம் மட்டுந்தான் எதிரி என்றும் நினைத்துவிடாதீர்கள். வெற்றி கைக்கு எட்டும்போது வரும் பதற்றம் இன்னும் பொல்லாதது. 1993ஆம் ஆண்டு விம்பிள்டன் பெண்கள் இறுதியாட்டத்தில் செக் நாட்டு யானா நொவோத்னா, ஸ்டெஃபி கிராஃபை எதிர்த்து மூன்றாவது செட்டில் 4-1 என்று முன்னால் இருந்தார். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் 5-1. அந்த நேரத்தில் சர்வீஸை இரண்டு முறையும் தவறவிட்டார். அதோடு ஆட்டம் கைநழுவி, அந்த செட்டை 4-6 என்று இழந்தார். பரிசு கொடுக்க வந்த கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து அவர் அழுததை உலகமே பார்த்தது. 1998இல் அதே திடலில் கோப்பையை வென்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த அம்மாவுக்கு நியாயம் செய்ததாகாது.

அதே 1998இல் நம் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தன. 50 கிலோமீட்டர் நடைப்பந்தயத்தில் நம் ஜி. சரவணன் தங்கம் வாங்கினாரே, நினைவிருக்கிறதா? நடைப்பந்தயத்தில் ஓடக்கூடாது, ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். பார்ப்பதற்கென்றே நடுவர்கள் வழி நெடுக நிற்பார்கள். சொந்த நாடு, சொந்தச் சாலை, சொந்தச் சனங்கள் பெயர் சொல்லிக் கூவுகிறார்கள். உள்ளம் துள்ளும். கால் துள்ளக்கூடாது! நான்கு மணி நேரத்துக்கு மேல் அந்தத் துள்ளலைக் கட்டிக்கொண்டு நடந்தார் பாருங்கள், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

சொந்தச் சனங்களின் ஆசை எவ்வளவு கனம் என்பதற்கு டத்தோ லீ சோங் வெய்யைவிட வேறு ஆள் வேண்டாம். 2012, லண்டன் ஒலிம்பிக் இறுதியாட்டம். எதிரே சீனாவின் லின் டான். முதல் செட் 21-15 என்று நமக்கு. இரண்டாவது 10-21. மூன்றாவது 19-21. இரண்டே புள்ளி! நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் என்று எல்லோரும் அவர் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தோம். தோற்றதும் அவர் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். மே மாதம் கணுக்காலில் அடிபட்டு, அதைத் தேற்றிக்கொண்டு, உலகத்தில் இரண்டாவது ஆளாக வந்தவர் நம்மிடம் மன்னிப்புக் கேட்கிறார்! 2016இல் ரியோ ஒலிம்பிக் அரையிறுதியில் அதே லின் டானை மூன்றாவது செட்டில் 22-20 என்று வென்றார். மறுநாள் இறுதியில் சென் லோங்கிடம் தோற்றார். ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சியின் முன்னால் நின்று, “அடிடா, அடிடா” என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். நல்ல வேளை, அவருக்குக் கேட்டிருக்காது.

ஆனால் என் பேத்திக்குக் கேட்டது.

மறுநாள் காலை மண்டபத்துக்குப் போனதும் ஆசிரியரைத் தனியாகக் கேட்டேன். இளைஞர், மரியாதையானவர். சங்கடத்தோடு கைப்பேசியை நீட்டினார். கால் இறுதியின் இரண்டாவது செட். திரையில் முதலில் நான் பார்த்தது பிள்ளையை அல்ல; என்னைத்தான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, “பின்னால போ! ஏன் விட்ட?” என்று கத்திக்கொண்டிருந்தான் ஒரு கிழவன். உற்சாகப்படுத்துவதாகத்தான் நினைத்திருந்தேன், ஐயா. பார்க்கிறவனுக்கு அது உற்சாகமாகத் தெரியவில்லை.

“மட்டைய லேசாப் பிடிக்கணும் ஐயா, பந்தை அடிக்கிற அந்த நேரம் மட்டும் இறுக்கணும். உங்களைப் பார்த்துட்டுத் திரும்பினதும் இவ கை முன்கூட்டியே இறுகிடுது” என்றார். “ஒரு புள்ளி போனா மட்டையின் நரம்பைப் பாரு, வேற எதையும் பார்க்காதேன்னு சொல்லிக் கொடுத்திருக்கேன். ஆனா கண்ணு உங்க பக்கம் போயிடுது.”

பெரிய ஆட்டக்காரர்கள் வியர்வையைத் துடைப்பதையும், காலணிக் கயிற்றைக் கட்டுவதையும், பந்தை மாற்றக் கேட்பதையும் பார்த்து, இவ்வளவு நாளும் ‘நேரத்தைக் கடத்துகிறான்’ என்று திட்டியிருக்கிறேன். போன புள்ளியின் துக்கமோ சந்தோஷமோ உடம்பை விட்டு இறங்குவதற்கும் அந்த நேரந்தான் உதவுகிறதாம். அதற்குள் மூச்சும் சீராகிவிடும்.

பேத்தியிடம் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். மண்டபத்தின் பின்புறம் மரம் எதுவும் இல்லை. மோட்டார் சைக்கிள் நிறுத்தும் தகரக் கூரை ஒன்றுதான். அங்கே நின்றேன். சன்னல் வழியாகச் சத்தம் மட்டும் வந்தது. மட்டையில் பந்து படும் ‘டப்’, காலணி தரையில் உரசும் ‘கிரீச்’, பிறகு கைதட்டல். கைதட்டல் யாருக்கென்று தெரியாது. அதுதான் கொடுமை. இரண்டு தரம் வாசல் வரை போய்த் திரும்பினேன். அன்றைக்கு அப்பா அந்த மரத்தடியில் எப்படி நின்றார் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். கிட்டே வர ஆசை இல்லாமலா இருந்திருக்கும்?

முக்கால் மணி நேரம் ஆனது. பிள்ளை வியர்வை சொட்ட வெளியே வந்தாள். கேட்கத் துடித்த நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் குடித்துவிட்டு அவளே சொன்னாள்.

“மூணாவது செட்டுல தோத்துட்டேன் தாத்தா. 19-21.”

“சரிடா.”

“16-16ல ஒரு லேசான பந்த வலையில அடிச்சிட்டேன். அப்ப நரம்பத்தான் பாத்தேன். அடுத்தது எடுத்துட்டேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “உங்கள ஒரே ஒரு தடவதான் தேடினேன்.”

“எப்ப?”

“முடிஞ்ச பெறகு.”

திரும்பும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி, மீ கோரிங் வாங்கிக் கொடுத்தேன். அவள் சாப்பிடும்போது, என் அப்பாவிடம் சொல்லாததை அவளிடம் சொன்னேன். கோல் கம்பம், பின்னால் வந்த குரல், தோளைத் தாண்டிய பந்து, தூங்குமூஞ்சி மரம், வெள்ளைச் சட்டை, வெயில் என்று சொன்ன பொய் எல்லாவற்றையும். என் மகளுக்குக்கூட இந்தக் கதை தெரியாது. பிள்ளை முள்கரண்டியை வைத்துவிட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“தாத்தா, அந்த ஆடு என்னாச்சி?”

“அன்னைக்கு ராத்திரியே சமைச்சிட்டாங்க. எங்க லோரிக்கும் ஒரு வாளி கறி கொடுத்தனுப்பினாங்க.”

“நீங்க சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன். அப்பா ரெண்டு துண்ட எடுத்து என் தட்டுல வெச்சாரு.”